தேரிக்கு ஒரு தேரி

நாரே: "உன் வீட்டுக்காரன் இப்போ கம்பெனியில என்னவா இருக்கான்?"னு பெரியம்மா கேட்டாங்க பாரு, புது வருஷத்தன்னிக்கு... அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி. எனக்கே தெரியாது. ஞாபகம் இருக்கா உனக்கு?

தோகி: நான்தான் அன்னிக்கு ஜோன்ஜுவுக்கே, உங்க வீட்டுக்கே வரலையே. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

நாரே: அதைத்தான் சொல்றேன். பாத்திரம் கழுவிட்டு இருந்தவ, ஈரக் கையோட உனக்கு மெசேஜ் போட்டேன். "இப்ப என்னவா இருக்கே, சீக்கிரம் சொல்லு"ன்னு. நீ ஒரே ஒரு வார்த்தை அனுப்பினே. "தேரி."

தோகி: ம்ம்... அதை விடு. கேம் சென்டர்ல மணிக்கணக்குல காசு. கம்ப்யூட்டர் ரெடி பாரு.

நாரே: உதவி மேனேஜர்! தேரி! நான் கத்தின கத்துல பெரியப்பா சூப்பைச் சட்டையில கொட்டிக்கிட்டார். அம்மா மறுநாளே அரிசிப் பலகாரம் பண்ணி மாடி மாடியா ஏறி இறங்கிக் கொடுத்தா. "எங்க மாப்பிள்ளை தேரி ஆயிட்டாரு..."

தோகி: மாடி மாடியாவா?

நாரே: எங்க பிளாக் மட்டுமா? பக்கத்து பிளாக்குக்கும். இனிமே உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். தேரி சார், கொஞ்சம் மவுஸைப் பிடிங்க சார்...

தோகி: ஏய், சும்மா இரு. பக்கத்து சீட்டுல இருக்கறவன் திரும்பிப் பார்க்கறான்.

நாரே: பார்க்கட்டும். இன்னிக்குக் காலையில அப்பா கூட உன் புராணம்தான். "மாப்பிள்ளை என் வண்டியை அந்தச் சந்துல ஒரே வெட்டுல நிறுத்திட்டாரு"ங்கறார். முந்தியெல்லாம் நீ நாலு தடவை முன்னாடி பின்னாடி போவே. அப்புறமும் குப்பைத்தொட்டியை இடிப்பே.

தோகி: பழக்கம்தான்.

நாரே: என்ன பழக்கம்? உங்கிட்ட கார் எங்கே இருக்கு?

தோகி: ...கம்பெனி வண்டி.

நாரே: ஓ. தேரி ஆனா வண்டியெல்லாம் குடுக்கறாங்களா?

தோகி: நாரே, புது ஆட்டம் தேட வந்தோமா, இல்ல என்னை விசாரிக்க வந்தோமா?

நாரே: ஆட்டம்தான், ஆட்டம்தான். இன்னிக்கு ஒண்ணு பிடிச்சே ஆகணும். நாளைக்குச் சாயங்காலம் நீ வேலைக்குன்னு உல்சான் பஸ் ஏறிடுவே. திங்கக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் எங்கே வந்து உன்னைத் தேடறது?

தோகி: பேசாம போன்லயே பேசிக்கலாமே.

நாரே: போன்ல நீ "ம்"ம்பே. நான் "ம்"ம்பேன். வெச்சிடுவோம். போன மாசம் ஆட்டம் பழுதாகி மூணு நாள் மூடினப்ப அப்படித்தானே ஆச்சு?

தோகி: ம்.

நாரே: பாத்தியா?

தோகி: சரி, சரி.

நாரே: விளையாட்டா சொல்லல தோகி. நாம சந்திச்சதே அந்தச் "சந்திரக் கோட்டை" ஆட்டத்துலதான். திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் நாம புருஷன் பொண்டாட்டியா இருக்கறதும் அங்கேதான். அந்த ரெண்டு மணி நேரம் போச்சுன்னா, சனிக்கிழமை சனிக்கிழமை நீ எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போற விருந்தாளி. அவ்வளவுதான்.

தோகி: அப்ப எதுக்கு ஆட்டத்தை மாத்தணும்? நீதானே சலிச்சுப் போச்சுன்னே?

நாரே: சலிச்சுத்தான் போச்சு.

தோகி: ஏழு வருஷமா சலிக்காதது...

நாரே: சலிப்பு நல்ல நேரம் பார்த்தா வரும்? நீயும்தான் ஒரு வார்த்தை தடுக்கல. "மாத்திடலாம், மாத்திடலாம்"னு குதிச்சே.

தோகி: எனக்கும் அலுத்துப் போச்சு.

நாரே: நிஜமா?

தோகி: ...நிஜமாத்தான். அதே கோட்டை, அதே குகை, அதே பூதம். சரி, முதல்ல இதைப் பாரு. "நரிவால் யுகம்." புதுசு. எல்லாரும் இதைத்தான் விளையாடறாங்களாம்.

நாரே: நரிக்கு எத்தனை வால்?

தோகி: ஒண்ணுல ஆரம்பிக்கும். லெவல் ஏற ஏற வால் முளைக்கும். ஒன்பது வரைக்கும்.

நாரே: ஒன்பது வாலை வெச்சுக்கிட்டு எப்படி உக்காரும்? சரி, பொம்பளைப் பாத்திரத்தைக் காட்டு... ஐயே. இவளுக்குத் துணி பத்தலையா? கவசம்னு போட்டிருக்கு, வயித்துல ஒண்ணுமே இல்லையே. அங்கேதானே குத்துவாங்க?

தோகி: ஆட்டோ இருக்கு இதுல.

நாரே: இருந்தா?

தோகி: பட்டனை அமுக்கிட்டா போதும். அதுவே போய் சண்டை போடும், அதுவே மருந்து குடிக்கும், அதுவே காசு பொறுக்கும். நாம நம்ம வேலையைப் பார்க்கலாம்.

நாரே: அப்ப நாம எதுக்கு?

தோகி: சும்மா... பக்கத்துல நிக்கலாமே. உன் நரியும் என் நரியும்.

நாரே: நரியும் நரியும் குடும்பம் நடத்தட்டும், நாம தூங்கலாம்ங்கறே. வேண்டாம். அடுத்தது.

தோகி: "எட்டுத் திசைப் படை." பெரிய ஆட்டம். கோட்டை முற்றுகைக்கு அறுபது பேர் வேணும்.

நாரே: அறுபது பேரா? கல்யாணத்துக்கே நமக்கு அவ்வளவு பேர் வரல.

தோகி: தளபதி ஒருத்தன் மைக்குல உன் ஆட்டப்பேரைச் சொல்லிக் கத்துவான். "இடது! இடது! தீஞ்சசோறு, எங்கே போய்த் தொலைஞ்சே?"ன்னு.

நாரே: பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல நாள் பூரா அதைத்தான் கேக்கறேன். "நாரே, முள்ளங்கி எங்கே? நாரே, கஞ்சி எங்கே?" மறுபடியும் ஒருத்தன்கிட்ட வாங்கிக் கட்டிக்கணுமா?

தோகி: அப்ப இது. "அலையோரம்." சண்டையே கிடையாது. மீன் பிடிக்கலாம், கத்திரிக்கா போடலாம், ஊருக்கே சமைச்சுப் போடலாம்...

நாரே: என்ன சொன்னே?

தோகி: சமை... ஓ. ஸாரி. என்ன?

நாரே: ஒண்ணுமில்ல. நீ ஸாரி சொன்னது காதுல விழுந்துச்சு. அதான்.

தோகி: அதுக்கு ஏன் அப்படிப் பார்க்கறே? சரி, இதுல ஆட்டோ இருக்கு பாரு. தூண்டிலைப் போட்டுட்டுப் போயிடலாம். எப்ப வேணா வந்து மீனை எடுத்துக்கலாம். நீ எட்டு மணிக்கு வரலாம், நான் பன்னெண்டுக்கு வரலாம்...

நாரே: நீ பன்னெண்டுக்கு வந்தா நான் யார் கூட மீன் பிடிக்கறது?

தோகி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நாரே: உன் போன் ரொம்ப நேரமா டிங் டிங்குனு அடிச்சுட்டே இருக்கு. யாரு?

தோகி: ஆபீஸ்.

நாரே: சனிக்கிழமை மத்தியானமா?

தோகி: தேரி ஆனா அப்படித்தான். சைலண்ட்ல போட்டாச்சு, போதுமா?

நாரே: சரி. இப்ப நான் ஒண்ணு காட்டறேன். இதைப் பத்திப் படிச்சுட்டுத்தான் வந்தேன். "இரட்டை விளக்கு."

தோகி: கேள்விப்பட்டதே இல்லையே.

நாரே: ரெண்டே ரெண்டு பேர்தான். ஒரே இருட்டுச் சுரங்கம். உன் கையில அரை விளக்கு, என் கையில அரை விளக்கு. ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தருக்கு ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாது.

தோகி: ஆட்டோ?

நாரே: கிடையாது.

தோகி: அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருந்தே ஆகணுமா?

நாரே: ஆமா. இன்னொண்ணு இருக்கு. டைப் பண்ண முடியாது. பேசணும். பேசினாத்தான் விளக்கு எரியும். குரல் நின்னா இருட்டு.

தோகி: ...பேசியே ஆகணுமா?

நாரே: ஏன், என்கிட்ட பேசக் கசக்குதா?

தோகி: அதில்ல... எனக்குத் தொண்டை ஒரு மாதிரி... கரகரன்னு...

நாரே: காலையில குளிக்கறப்ப ரெண்டு பாட்டு பாடினே.

தோகி: என் ரூம்ல சுவர் ரொம்ப மெலிசு. பக்கத்து ரூம்காரர் சத்தம் போடுவார்.

நாரே: மெதுவாப் பேசு. விளக்கு மெதுவா எரியும்.

தோகி: மதிப்பெண் எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாரு. மூணுதான். ஒருத்தர் எழுதியிருக்கார் பாரு: "இந்த ஆட்டத்தால என் காதலி என்னை விட்டுப் போயிட்டா."

நாரே: அதுக்குக் கீழே அவளே எழுதியிருக்கா: "இவன் பேசவே மாட்டான்." இதுதான் நம்ம ஆட்டம் தோகி. நான் முடிவு பண்ணிட்டேன். இறக்கு.

தோகி: கொஞ்சம் யோசிக்கலாமே...

நாரே: அமுக்கியாச்சு. இறங்குது. ஒரு அரை மணி ஆகும் போலிருக்கு. அதுக்குள்ள பழைய ஆட்டத்தைத் திறந்து நம்ம குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துடலாம்.

தோகி: எதுக்கு? வேண்டாம்.

நாரே: ஏழு வருஷம் ஒண்ணா சண்டை போட்டவங்க. சொல்லாம கொள்ளாமலா போறது?

தோகி: அப்புறம் ஒரு நாள் சொல்லிக்கலாம். என் பாஸ்வேர்டு வேற மறந்துபோச்சு.

நாரே: நேத்து எட்டு மணிக்கு வந்தியே, எப்படி வந்தே?

தோகி: அது... என் லேப்டாப்புல தானா நிரம்பிடும். இங்கே வராது.

நாரே: சரி, நீ இரு. நான் மட்டும் போயிட்டு வரேன். "சந்திரக் கோட்டை"... ஐடி... ம், வந்தாச்சு. இதோ என் தீஞ்சசோறு. பாவம், நேத்து விட்ட இடத்துலயே நிக்கறா. பாலத்துல.

தோகி: நாரே, ராம்யோன் நூடுல்ஸ் சொல்லட்டுமா? முட்டை போட்டு?

நாரே: தோகி.

தோகி: சீஸ் போட்டது பிடிக்குமே உனக்கு...

நாரே: தோகி, உன் கரடித்தோல் பாலத்துல நிக்கறான்.

தோகி: என்ன?

நாரே: பாரு. பெரிய கேடயம். தலைக்கு மேல பேரு. உன் ஆள்தானே?

தோகி: அது... நேத்து நான் வெளியேறாம விட்டுட்டேன் போல. சில சமயம் அப்படியே நிக்கும்.

நாரே: நடக்கறானே. இந்தப் பக்கம் வர்றான். உன் ரெண்டு கையும் உன் மடியில இருக்கு. எனக்குத் தெரியுது.

தோகி: ஐயையோ... ஹேக்! ஹேக் பண்ணிட்டாங்க நாரே! மூடு, மூடு, முதல்ல அதை மூடு!

கரடித்தோல், திரையில்: நாரே?

நாரே: என் பேரைச் சொல்லிக் கூப்பிடறான். ஆட்டத்துல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க. உன்னைத் தவிர.

கரடித்தோல்: இன்னிக்கு நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன்.

கரடித்தோல்: நீ வரமாட்டேன்னு.

தோகி: ஹேக்தான் இது...

நாரே: அப்படின்னா கம்பெனிக்குப் புகார் போடலாம். ஒரே பட்டன்தான். அந்தக் கணக்கை அப்படியே முடக்கிடுவாங்க. போடவா?

தோகி: வேண்டாம்!

நாரே: திருடனைப் பிடிச்சுக் குடுக்க வேண்டாமா?

தோகி: வேண்டாம்... அவர் திருடன் இல்ல.

நாரே: பின்ன யாரு?

தோகி: ...தேரி.

நாரே: என்ன தேரி? யாரு தேரி?

தோகி: என் தேரி. நாரே, கத்தாதே. நமக்குப் பதிலா இன்னொருத்தர் நம்ம ஆளை வெச்சு விளையாடினா, அவருக்கும் பேரு தேரிதானே... அது மாதிரி. எனக்குப் பதிலா அவர்.

நாரே: எப்பலேருந்து?

தோகி: முதல் பனி விழுந்துச்சே, அந்த வாரத்துலேருந்து.

நாரே: இப்ப செர்ரி பூத்துக் கொட்டுது தோகி.

கரடித்தோல்: சாப்டியா?

தோகி: ஏய்... என்ன பண்றே? எதுக்கு பதில் போடறே?

நாரே: "சாப்டேன்"னு போட்டேன். கை தானா போயிடுச்சு.

தோகி: உன் புருஷன் நான் இங்கே இருக்கேன்!

நாரே: ஆமா. இன்னிக்கு இங்கே இருக்கே. மத்த நாள்ல எட்டு மணிக்கு எங்கே இருந்தே? அதைச் சொல்லு.

தோகி: ரோட்டுல.

நாரே: யார் கூட?

தோகி: குடிச்சவங்க கூட.

நாரே: குடிக்க வேற ஆரம்பிச்சுட்டியா?

தோகி: நான் குடிக்கல! அவங்க குடிப்பாங்க. குடிச்சுட்டு வண்டி ஓட்ட முடியாதுல்ல, போன்ல ஆளைக் கூப்பிடுவாங்க. நான் போய் அவங்க வண்டியில அவங்களையே ஏத்திக்கிட்டு வீட்டுல விடுவேன். இந்த டிங் டிங் எல்லாம் அதுதான். ஆபீஸ் இல்ல. நான் உன்கிட்ட பொய் சொல்லல நாரே. பெரியம்மா கேட்டப்ப நான் என்ன அனுப்பினேன்? "தேரி"ன்னுதானே அனுப்பினேன்? அடுத்தவங்களுக்குப் பதிலா வண்டி ஓட்டறவனுக்கும் அதே பேருதானே?

நாரே: தேரி... டிரைவர்.

தோகி: நீதான் உதவி மேனேஜர்னு எடுத்துக்கிட்டே.

நாரே: ஐயோ.

தோகி: மெதுவா...

நாரே: ஐயோ ஐயோ... அம்மா... ரெண்டு பிளாக்குக்கும் பலகாரம்... கீழ்வீட்டுக் கிழவர் அதைச் சாப்பிட்டுட்டு "தேரிதான், அடுத்தது மேனேஜர்"னு வாழ்த்தினார்...

தோகி: பலகாரம் எனக்கு இன்னிக்குத்தானே தெரியும்.

நாரே: கம்பெனி என்ன ஆச்சு?

தோகி: அறுவடைத் திருநாளுக்கு லீவு விட்டாங்கல்ல... அப்புறம் திறக்கவே இல்ல. முதலாளி போனை எடுக்கல. கேட்டுல பூட்டு.

நாரே: இலையுதிர் காலத்துலயா? அத்தனை மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை...

தோகி: சொல்லணும்னுதான் இருந்தேன். புது வருஷத்தன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் அந்த ஒரு வார்த்தையை அனுப்பினேன். நீ "என்னது, டிரைவரா?"ன்னு கேட்பே, நான் ஆமான்னு சொல்லணும்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன். நீ மெசேஜ்ல மூணு பூப்படமும் ஒரு கிரீடமும் அனுப்பினே. கிரீடம் வெச்சவகிட்ட என்னன்னு சொல்றது?

நாரே: நான் வேற என்னென்னவோ நினைச்சுட்டேன்... யாரோ ஒரு பொண்ணு இருக்கான்னு...

தோகி: எப்ப நினைச்சே?

நாரே: ...இப்பதான். இவனைப் பார்த்ததும். யாரு இவரு? அதைச் சொல்லு முதல்ல.

தோகி: சங்பே அண்ணன். அவரும் எங்களை மாதிரி ஓட்டறவர்தான். ஒருத்தரை வீட்டுல விட்டுட்டு அடுத்த ஆளைப் பிடிக்க நின்னுக்கிட்டே ஓட்டற எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல ஏறி ஓடுவோம்ல, முதல் பனியில வழுக்கி விழுந்துட்டார். கால் எலும்பு ரெண்டா போச்சு. தனி ஆள். பொட்டி மாதிரி ஒரு ரூம். கூரையைப் பார்த்துக்கிட்டே கிடந்தார். எனக்கோ எட்டு மணிதான் நல்ல சவாரி வர்ற நேரம். நீயோ எட்டு மணிக்கு பாலத்துல காத்துக்கிட்டு இருப்பே...

நாரே: அதனால என்னை அவர்கிட்ட ஒப்படைச்சுட்டே.

தோகி: அப்படிச் சொல்லாதே. லேப்டாப்பைக் குடுத்து, "அண்ணே, கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டு அவ முன்னாடி நின்னா போதும், நடுநடுவுல சாப்டியான்னு கேளுங்க"ன்னேன். அவ்வளவுதான்.

நாரே: தேரிக்கு ஒரு தேரி.

தோகி: சிரிக்கறியா?

நாரே: சிரிக்கல. மூச்சு வாங்குது.

தோகி: ரொம்பப் பொறுப்பான மனுஷன் நாரே. கட்டுப் பிரிச்சு எப்பவோ ஆச்சு. நடக்கறார், ஓட்டறார். ஆனா எட்டு மணி ஆனா எந்தச் சவாரி வந்தாலும் விட்டுட்டு ரூமுக்கு ஓடிடுவார். "போதும் அண்ணே, உங்க பொழைப்பைப் பாருங்க, நானே ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்"னு கூடச் சொல்லிப் பார்த்தேன். கேக்கவே இல்ல. குடுத்த வாக்கு அப்படி.

நாரே: சவாரியை விட்டுட்டா?

தோகி: ஆமா. ஏன் திரையையே பார்க்கறே?

நாரே: ஒண்ணுமில்ல.

தோகி: ஆனா சனிக்கிழமை வரக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தேனே. சனிக்கிழமை நானும் நீயும் ஒண்ணா இருப்போம், யாரும் இருக்கமாட்டாங்க அங்கேன்னு. எதுக்கு வந்து தனியா நிக்கறார்?

கரடித்தோல்: புது ஆட்டம் எடுத்தாச்சா?

தோகி: இரு... இவருக்கு எப்படித் தெரியும்? நான் இவர்கிட்ட சொல்லலையே. புதன்கிழமை போன்ல நாம ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினோம். நான் யார்கிட்டயும் சொல்லல.

நாரே: நான் சொன்னேன். நேத்து. இந்தப் பாலத்துல.

தோகி: நேத்தா? இவரை நான்னு நினைச்சுக்கிட்டா?

நாரே: ம்.

தோகி: அதெப்படி? நானும் நீயும் பேசினது நமக்குத் தெரியும். மறுபடியும் என்கிட்டயே வந்து "நானும் தோகியும் நாளைக்குப் புது ஆட்டம் எடுக்கப் போறோம்"னு யாராவது சொல்வாங்களா?

நாரே: சொல்லமாட்டாங்க.

தோகி: அப்ப நீ யார்கிட்ட சொன்னே? நாரே, இவர் நான் இல்லைன்னு உனக்குத் தெரியும்.

நாரே: ம்.

தோகி: தெரிஞ்சுக்கிட்டேவா... ஹேக்குன்னதும் புகார் போடவான்னு... அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டேவா?

நாரே: நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். வேலை போனது சத்தியமா தெரியாது. டிரைவர் தேரி விஷயம் தெரியாது. இவர் நீ இல்லைன்னு மட்டும் தெரியும்.

தோகி: எப்பலேருந்து?

நாரே: முதல் வாரம். பனிக்குகையில ரெண்டு பேரும் செத்தோம். "என் தப்பு"ன்னு எழுத்து வந்துச்சு. ஏழு வருஷத்துல நீ ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கியா?

தோகி: நான் செத்தா அது உன் தப்புதானே. நீதானே மருந்து போடணும்.

நாரே: அதான்.

தோகி: உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?

நாரே: தெரியாது. உன்னை மாதிரியே பேசறதுக்குப் பாவம் அவ்வளவு மெனக்கெடுவார். திடீர்னு "நீங்க"ன்னு வந்துடும். அடுத்த வரியிலயே பதறிப் போய் "நீ"ன்னு திருத்துவார். நான் பார்க்காத மாதிரி இருந்துடுவேன். நேத்து கூட "நானும் தோகியும்"னு என் வாய் தவறிடுச்சு. அவரும் பார்க்காத மாதிரி இருந்துட்டார்.

தோகி: அப்படி என்ன பேசுவீங்க தினமும்?

நாரே: ஒண்ணும் பெருசா இல்ல. கொதிகஞ்சி கொட்டின அன்னிக்கு எரியுதான்னு கேட்டார். மறுநாளும் கேட்டார். அதுக்கு மறுநாளும்.

தோகி: கொதிகஞ்சியா? எப்ப? எங்கே?

நாரே: இங்கே.

தோகி: ஐயோ... முழங்கை வரைக்கும்... இவ்வளவு பெரிய தழும்பு... நான் எப்படிப் பார்க்காம போனேன்?

நாரே: எனக்கும் அதுதான் தெரியல. குளிர்காலத்துலேருந்து இருக்கு. சனிக்கிழமை தவறாம நீயும் பக்கத்துலதான் உக்காந்திருக்கே.

தோகி: இரு, இப்பவே அவருக்குப் போன் பண்றேன். இன்னியோட போதும்னு சொல்லிடறேன். என் போன் எங்கே...

நாரே: வேண்டாம். அதை முடிக்கறதுக்குத்தானே நானே கிளம்பி வந்தேன்.

தோகி: அப்ப சலிப்புன்னது?

நாரே: சலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல.

தோகி: அந்தக் குரல் ஆட்டம்?

நாரே: வேற யாரும் வர முடியாத ஆட்டமாப் பார்த்துத் தேடினேன். உன் குரல் மட்டும்தான் வரணும்னு.

தோகி: சரி... அப்ப சரியாப் போச்சே! நான் உன்னை ஏமாத்தினேன், தப்புதான். நீ தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தே, அதுவும் போகட்டும். வேலையும் போகட்டும். எட்டு மணி சவாரியை விட்டுடறேன். சுவர் மெலிசா இருந்தா இருக்கட்டும், பேசிக்கலாம். இதோ, இறங்கி முடிஞ்சாச்சு பாரு. மைக்கை மாட்டு.

நாரே: மாட்டறேன்.

தோகி: ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. கோபமா கேக்கல. முதல் வாரமே தெரிஞ்சுடுச்சுங்கறே. அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?

நாரே: விடு தோகி.

தோகி: எத்தனை நாள் ஓட்டறான் பார்ப்போம்னா?

நாரே: இல்ல.

தோகி: பாவம், என்ன கஷ்டமோன்னா?

நாரே: அதுவும் இல்ல.

தோகி: பின்ன எதுக்கு? பனிக்காலம் பூரா... ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

நாரே: கேட்டிருந்தா... மறுநாள்லேருந்து அவர் வந்திருக்கமாட்டார். எட்டு மணி ஆனா என் மனசு அவரையே தேட ஆரம்பிச்சுடுச்சு. அதான் பயந்து போய் வேற ஆட்டம் தேடலாம்னேன்... தோகி? எங்கே எழுந்திரிக்கறே? அது சமையல்கட்டுக் கதவு. வாசல் இந்தப் பக்கம்... தோகி... திட்டவாவது திட்டிட்டுப் போயேன்...